ஆறு நாள் படைப்பை எழுத்தின்படி நம்பாதவர் கிறிஸ்தவராக இருக்க முடியுமா?

பரிணாமத்தை ஏற்றுக்கொண்டால் ஆதியாகமத்தை மறுதலித்ததாகுமா, ஆதிச் சபையார் எல்லாரும் அந்த ஆறு நாட்களை இருபத்துநான்கு மணி நேர நாட்களாகத்தானே வாசித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரியல் பாடத்துக்கும் வீட்டு ஜெபத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மாணவராக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். மறுதலித்ததாகாது, எல்லாரும் அப்படி வாசிக்கவும் இல்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவன். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன். ஒருமுறை வாலிபர் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், பூமிக்கு ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது சொல்கிறவன் சிலுவையையே மறுக்கிறான் என்றும், இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை இதைத் தவிர வேறொன்றையும் போதித்ததில்லை என்றும் முழங்கினார். பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மாணவி ஒருத்தி, முன்வரிசையிலிருந்து திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, “ஐயா, சூரியன் நான்காம் நாளில்தானே உண்டாக்கப்பட்டது? அப்படியானால் முதல் மூன்று நாட்களின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படிப்பட்டவை?” என்று கேட்டேன். “இது நாத்திகர்கள் கேட்கிற கேள்வி, உட்காருங்கள்” என்றார்.

நாத்திகர்கள் கேட்ட கேள்வியன்று அது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் வேத அறிஞர் ஒரிகன் கேட்டது. சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் இல்லாமல் மூன்று நாட்கள் கழிந்தன என்று புத்தியுள்ளவன் எவன் எண்ணுவான் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரிகனைப் பிற்காலச் சபை கண்டித்ததே என்பீர்களானால், அகஸ்டினிடம் போகலாம். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் ஒருசேர மதிக்கும் அந்த ஆயர், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவான உரையில், தேவன் அனைத்தையும் ஒருங்கே படைத்தார் என்றும், அந்த ஆறு நாட்கள் சூரியனால் அளக்கப்படும் நாட்கள் அல்ல என்றும், பல உயிர்கள் முதலில் வித்துப்போன்ற ஆற்றலாக வைக்கப்பட்டுக் காலப்போக்கில் வெளிப்பட்டன என்றும் விளக்கினார். வானத்தையும் விலங்குகளையும் பற்றி அவிசுவாசிக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில், வேதத்தை மேற்கோள் காட்டி ஒரு கிறிஸ்தவர் தவறாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்றும் அவர் எச்சரித்திருக்கிறார். அன்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த எச்சரிக்கைதான்.

அகஸ்டினைப் பரிணாமவாதி ஆக்குகிறேன் என்று யாரும் என்மேல் பாய வேண்டாம். உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றே அவரும் கருதினார். செசரியாவின் ஆயர் பேசிலும் பிற்காலத்தில் லூத்தரும் ஆறு நாட்களை நேர்ப்பொருளிலேயே கொண்டார்கள். கால்வினும் அப்படியே, ஆனாலும் சனிக்கோள் சந்திரனைவிடப் பெரியது என்ற வானியலாரின் முடிவை ஏற்று, மோசே சாதாரண மக்களின் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுதினார் என்று விளக்கினார். நான் சொல்வது ஒன்றே: இதில் சபைக்குள் எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புகள் இருந்தன.

என் தகப்பனாரின் ஆங்கில வேதாகமத்தில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் ஓரத்தில் கி.மு. 4004 என்று பொடியெழுத்தில் அச்சாகியிருக்கும். அது மோசே எழுதியதன்று. உலகம் படைக்கப்பட்ட ஆண்டு அதுவே என்று அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு. அச்சகத்தார் ஓரத்தில் சேர்த்ததைப் பின்வந்தவர்கள் வேதவாக்காகவே எண்ணிவிட்டார்கள். 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதற்காக முன்னின்று வாதாடிய தாவரவியலாளர் ஆசா கிரே விசுவாசமுள்ள கிறிஸ்தவர். 1925இல் டென்னசியின் டேட்டன் நகரில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர்மீது நடந்த வழக்கில், அரசுத் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, படைப்பின் நாட்கள் இருபத்துநான்கு மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். பாறை அடுக்குகள் அனைத்தையும் நோவாவின் ஜலப்பிரளயத்தால் விளக்கும் போதனையை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரப்பியவர் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ். அது மற்றச் சபைகளுக்குள் பெரிய அளவில் நுழைந்தது, 1961இல் விட்காம்ப், மாரிஸ் என்ற இருவர் எழுதிய நூலுக்குப் பிறகுதான். எங்கள் பிரசங்கியார் இரண்டாயிரம் ஆண்டுப் போதனை என்று சொன்னதில் பெரும்பகுதி இந்த நூலின் சரக்கு.

அடுத்த ஆண்டு ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணத்தை முகத்துக்கு நேரே சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. ஒரு கேள்வி கேட்டதற்காகப் பிள்ளைகளிடமிருந்து ஓர் ஆசிரியரைப் பிரிப்பது சபைக்கு அழகன்று.

உங்கள் வீட்டாரோடு இதைப் பேசும்போது நாட்களின் கணக்கில் சிக்கிக்கொள்ளாதீர்கள். உண்மையான கடினம் ஆதாமில் இருக்கிறது. ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் பிரவேசித்தது என்று ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருப்பதைப் பரிணாமத்தோடு எப்படிச் சேர்த்து வாசிப்பது என்பதில் சபைகள் இன்னும் ஒன்றுபடவில்லை. 1950இல் கத்தோலிக்கத் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடல் பரிணாமத்தால் வந்திருக்கலாமா என்ற ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். ஆனால் ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதில் உறுதியாக நின்றார், மனிதகுலத்துக்கு முதல் பெற்றோர் பலர் என்ற கருத்தை ஏற்கவும் இல்லை. உங்கள் போதகரிடம் கேட்பதானால் இதைக் கேளுங்கள்.