படுக்கையில் புரண்டால் தலைசுற்றல்: பிசியோதெரபி உதவுமா?

மாம்பலத்தில் இருக்கும் 62 வயது அம்மாவுக்கு, படுக்கையில் வலப்பக்கம் திரும்பினாலே அறை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிசியோதெரபி பெரும்பாலும் உதவும்.

புரளும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதின் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்பார். கருவிழி துடிக்கும் விதத்தில் எந்தக் காது என்று தெரிந்துவிடும். பிறகு எப்லி முறை: தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் போல நிறுத்தி, துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுவது. என் மாமியார் முதல் நாள் கட்டில் சட்டத்தை விடவே இல்லை. இரண்டாம் தடவை கையைத் தானே எடுத்தார். கழுத்து வலி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

நடையில் தள்ளாட்டம் மிஞ்சினால் சுவரோரம் நின்று சமநிலைப் பயிற்சி. ரங்கநாதன் தெருக் கூட்டமெல்லாம் அப்புறம்தான். பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ பயிற்சிக்குக் காத்திருக்காதீர்கள், உடனே 108.