ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் ஏன் அடித்துப் போட்ட மாதிரி?

திருப்பூரில் 12 பவர்டேபிள் (தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் செய்யும் 41 வயது வாசகர் எழுதியிருக்கிறார். எட்டு மாதமாக ஓயாத அசதி, எழும்போதே களைப்பு, அடிக்கடி படபடப்பு, வெள்ளிக்கிழமை இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. முழு உடல் பரிசோதனை இரண்டு முறை எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். ட்ரிப்ஸ் ஏற்றினால் ஒரு நாள் தெம்பு, மறுநாள் பழைய கதை. "என்னதாங்க குறை எனக்கு? இன்னும் என்ன டெஸ்ட் எடுக்கட்டும்?"

இனி ரத்த டெஸ்ட் ஒன்றும் எடுக்க வேண்டாம். பதில் உங்கள் கடிதத்திலேயே, அந்த வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. விடிந்தால் ஆளுகளுக்கு வாரச் சம்பளம் போட வேண்டும், பில் பணம் இன்னும் வந்திருக்காது. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் கிழமை தெரியாதுங்க, கவலைக்குத்தான் தெரியும்.

நாய் துரத்தினால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடிக்கும், தசையெல்லாம் இறுகும். ஓடித் தப்பித்ததும் எல்லாம் அடங்கிவிடும். உங்களைத் துரத்துவது பாக்கிப் பணம், அது எட்டு மாதமாக நிற்காமல் துரத்துகிறது. தண்ணீர் வற்றிய போர்வெல்லில் மோட்டார் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் செலவாகும், மோட்டார் சூடாகும், தொட்டி மட்டும் நிறையாது. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாலும் உங்கள் உடம்பு அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தூங்கும்போதும் பாதி காவலில் இருப்பதால், எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தெளிவு வருவதில்லை. இந்த அசதி நிஜம், பாவனை இல்லை. வீட்டில் யாராவது "சும்மா மனப்பிரமை" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, அந்த ட்ரிப்ஸ். இதைப் பேசாமல் என்னால் நகர முடியாது. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய ஐந்து ஸ்பூன் சர்க்கரை. சலைன் பாட்டில் என்றால் நாலரை கிராம் உப்பு. மஞ்சளாக இருக்கிறதே, சத்து ஏறுகிறது என்று நினைப்பீர்கள். அந்த மஞ்சள் பி காம்ப்ளெக்ஸ், மிஞ்சுவது அன்றைக்கே சிறுநீரில் மஞ்சளாக வெளியே போய்விடும். அப்புறம் ஒரு நாள் தெம்பு எங்கிருந்து வந்தது? ஒரு மணி நேரம் போன் எடுக்காமல், ஃபேன் காற்றில், யாரும் கணக்குக் கேட்காமல் படுத்திருந்தீர்களே, அதிலிருந்து. அதை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே காசில்லாமல் செய்யலாம்.

அடுத்தது பேக்கேஜ் ஏஜெண்டுகள். கம்பெனி வாசலில் கேம்ப் போட்டு "70 டெஸ்ட், சலுகை விலை" என்பார்கள். நார்மல் என்று அச்சிட்டிருக்கும் வரம்பு, நலமாக இருக்கும் 100 பேரில் 95 பேர் அடங்கும் வரம்பு. அப்படியானால் நல்ல மனிதனுக்கே 70 டெஸ்ட் எடுத்தால் மூன்று நான்கு கோட்டுக்கு வெளியே விழத்தான் செய்யும். அது தடித்த எழுத்தில் வரும், ஏற்கெனவே பயந்த ஆள் இன்னும் பயப்படுவார், அதைப் பார்க்க இன்னொரு டெஸ்ட். உங்களுக்குத் தேவையானவை ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், பி12. இரண்டு முறையும் சரியாக வந்திருக்கிறது, போதும். "ஒரு நாள் அட்மிட் ஆகி எல்லாம் பாருங்க, இன்ஷூரன்ஸில் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். டெஸ்ட்டுக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்று பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. பில் உங்கள் தலையில்தான் விழும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்குகிறீர்களா? அப்படி வாங்கப்படும் அல்பிரசோலம் எச்1 பட்டியல் மருந்து, டாக்டர் சீட்டில்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. எந்த டாக்டர் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் பாட்டுக்குச் சட்டம் இருக்கிறது, கடையில் அரை அட்டை பாட்டுக்கு அரை அட்டை கிடைக்கிறது. வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பே வரலாம். டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயம் சந்தேகமாக இருக்கிறது. குறட்டை விடுவீர்களா? எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரியாது, வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள். குறட்டை நடுவே சத்தம் நின்று, மூச்சே இல்லாமல் இருந்து, திடீரென்று திணறி இழுக்கிறீர்களா என்று போனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து தடித்து, பிரஷரும் இருந்து, அவிநாசி ரோட்டில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொக்குகிறது என்றால் அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். எந்தப் பேக்கேஜிலும் இது வராது, ரத்தத்தில் தெரியாது. தூங்கும்போது எடுக்கும் ஸ்லீப் டெஸ்ட்டில்தான் தெரியும். அதற்கு வைத்தியம் உண்டு, கண் சொக்குவது நிற்கும் வரை வண்டி ஓட்டாதீர்கள்.

அது இல்லையென்றால் செய்ய வேண்டியது சலிப்பான வேலைதான். ஞாயிறு உட்பட தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். ஞாயிறு பகல் முழுக்கத் தூங்கினால் திங்கள் இரவு போச்சு. பேக்கரி டீ மதியத்தோடு சரி. மாலை 6 மணி டீயின் கஃபீனில் பாதி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். குவார்ட்டர் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அதிகாலை 3 மணிக்கு முழிப்பு வருவது அதனாலும் இருக்கலாம். நடை முதல் வாரம் பத்து நிமிடம் போதும், அசதி போனபிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் நடக்கவே மாட்டீர்கள். வெள்ளி மாலை 5 மணிக்கு ஒரு நோட்டில் யார் தரவேண்டும், யாருக்கு நாளை போன், வரவில்லையென்றால் எங்கே புரட்டுவது என்று கால் மணி நேரம் எழுதி மூடி வையுங்கள். இரவு மனசு அதே கணக்கைத் தொடங்கினால், நோட்டில் இருக்கிறது என்று சொல்லலாம்.

மூன்று நான்கு வாரம் செய்தும் மாறவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். கவலைக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் படபடப்பு கூடவும் செய்யலாம். ஐந்தாம் நாள் "கேட்கல டாக்டர்" என்று நிறுத்துபவர்களே அதிகம், இதை முதல் நாளே சொல்ல ஓ.பி.யில் யாருக்கும் இரண்டு நிமிடம் இல்லை என்பதும் உண்மை. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட கிழமையில் வருவார். எந்தக் கிழமை என்று ஒரு போர்டு வைத்தால் என்ன, தெரியவில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள். 14416 டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். வாழ்வதே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் வாரக்கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அப்போதே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி எல்லாம் எடுக்கச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.