வேலைக்கான மென்பொருள்களைப் பற்றிய பதிவுகளில் சில மட்டும் ஏன் இவ்வளவு பரவுகின்றன?

எக்செல், நோஷன், ஃபிக்மா போன்ற வேலைக் கருவிகளைப் பற்றிச் சமூக ஊடகங்களில் எழுதப்படுபவற்றில் சில மட்டும் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைவதன் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எந்த மனநிலையில் கேட்டிருப்பீர்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பல நாள் உழைத்து, படங்கள் சேர்த்து, பிழை திருத்தி ஒரு பதிவை வெளியிட்டிருப்பீர்கள். அது கேட்பாரற்றுக் கிடந்திருக்கும். அதே வாரத்தில் வேறொருவர் ஐந்து வரியில் ஒரு குறுக்குவிசையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பார். என் ஊகம் தவறென்றால் மன்னிக்கவும்; எனக்கு நடந்தது அதுதான் என்பதால் உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். இரண்டு பட்டியல்களை எதிரெதிரே வைத்து, ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலையின் பெரும்பகுதி. ஒரு பதிவு ஓடிவிட்டதென்று பாடம் எடுக்க வந்துவிட்டான் என்று சிலர் நினைக்கலாம். அந்த ஒன்று ஓடுவதற்கு முன்பு ஓடாத பதிவுகள் முப்பதுக்கு மேல் எழுதியவன் நான் என்பதால், ஓடாததற்கான காரணங்களைப் பற்றியாவது பேசும் தகுதி எனக்கு உண்டு.

அந்த முப்பதில் நான் மிகவும் பெருமைப்பட்டது, ஒரே கோப்புறையில் கிடக்கும் பன்னிரண்டு மாதக் கோப்புகளை, எக்செல்லுக்குள் இருக்கும் பவர் குவெரி என்ற வசதி மூலம் ஒரே அட்டவணையாக இணைப்பது எப்படி என்று பதினான்கு படங்களோடு விளக்கிய பதிவு. அதில் ஒரு படி கூட விடுபடவில்லை. இன்றைக்கும் அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. எட்டுப் பேர் விருப்பக்குறி இட்டார்கள். அவர்களில் ஒருவர் என் அக்கா. அவர் அந்த மென்பொருளைத் திறந்தது கூடக் கிடையாது.

இனி ஓடியதைச் சொல்கிறேன். ஒரு மாதக் கடைசியில், ஓர் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய ஆர்டர் எண்களை எங்கள் பேரேட்டில் உள்ள எண்களோடு ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு பட்டியலில் உள்ளதை மற்றொன்றில் தேடித்தரும் வீலுக்கப் என்ற எக்செல் சூத்திரத்தைப் போட்டால் எல்லா வரிசையிலும் கிடைக்கவில்லை என்ற பிழையே வந்தது. இரண்டு பட்டியலிலும் அதே எண் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, மென்பொருளோ இல்லை என்கிறது. காரணம் விளங்காமல் ஏறத்தாழ நானூறு எண்களை இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து கையால் திரும்பத் தட்டச்சு செய்தேன். கையால் அடித்தவை எல்லாம் ஒழுங்காகப் பொருந்தின என்பது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. மூன்றாம் நாள் தற்செயலாக ஒரு செல்லில், அதாவது அட்டவணையின் ஒரு கட்டத்தில், அதைத் திருத்துவதற்கான எஃப்2 விசையை அழுத்தியபோதுதான், கடைசி இலக்கத்தை ஒட்டி நிற்க வேண்டிய கர்சர் சற்றே தள்ளி நின்று மினுக்குவதைக் கண்டேன். எழுத்துகளை எண்ணிச் சொல்லும் லென் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். எட்டு இலக்க எண்ணுக்கு ஒன்பது என்று வந்தது. இடைவெளிதானே என்று, தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் டிரிம் சூத்திரத்தைப் போட்டேன், அப்போதும் ஒன்பதுதான். விசைப்பலகையில் நாம் அடிக்கும் சாதாரண இடைவெளியின் குறியீட்டு எண் 32. டிரிம் அதை மட்டுமே நீக்கும். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் 160 என்ற குறியீட்டு எண் கொண்ட, வரி முறியாத வேறோர் இடைவெளி; பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே. ஓர் எழுத்தை மற்றொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தால் அந்த 160-ஐ வெறுமையாக மாற்றியதும் நானூறு எண்களும் ஒரு நொடியில் பொருந்தின.

அன்றிரவு ஆற்றாமையில் ஆறு வரி எழுதினேன். ‘கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்காக இரண்டு மாலைகளை வீணடித்த முட்டாள் நான்’ என்பது முதல் வரி. கூடவே ஒரே ஒரு படம்: அச்சு அசலாக ஒன்றுபோலிருக்கும் இரண்டு செல்கள், அவற்றின் பக்கத்தில் 8, 9 என்ற இரு எண்கள். காலையில் கைபேசியை எடுத்தபோது அறிவிப்புகள் நானூறைத் தாண்டியிருந்தன. வாரக் கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பவர் குவெரிப் பதிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் யோசித்திருக்கிறேன். பயனைக் கணக்கிட்டால் முன்னதுதான் பல மடங்கு பெரிது. ஆனால் அதைப் படிப்பவர், தமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று மட்டுமே உணர்கிறார். பின்னதைப் படிப்பவர், தாமும் இதே முட்டாள்தனத்தைச் செய்ததை நினைத்துக்கொள்கிறார். அதை முதலில் ஒப்புக்கொண்டவர் வேறொருவர் என்பதால் அவருக்கு வெட்கம் குறைகிறது. வேலைக் கருவிகளுக்கு மட்டும் உரிய விசித்திரம் ஒன்று உண்டு: வேலையில் சேர்ந்த நாள் முதல் அது நமக்குத் தெரியும் என்றே எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள், விண்ணப்பத்திலும் நாமே அப்படித்தான் எழுதியிருப்போம். ஆகவே பத்து ஆண்டுகள் கழித்து ஒரு சின்னச் சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்க முடியாது. அந்தக் கேட்காத கேள்விக்குப் பதிலாக வரும் பதிவே பரவுகிறது என்பது என் கணிப்பு. நிரல் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2012-ல் ஒருவர், விம் என்ற எழுத்துத் திருத்தியை விட்டு வெளியேறுவது எப்படி என்று கேட்டார். 2017 மே மாதத்துக்குள் அந்தக் கேள்வி பத்து லட்சம் முறை பார்க்கப்பட்டுவிட்டது. அந்தக் கருவியில் எத்தனையோ அற்புதங்கள் உண்டு, ஆனால் கூட்டம் திரண்டது வெளியேறும் வாசலில். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

இது என் கற்பனை மட்டுமல்ல என்று காட்ட ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறேன். ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்து, வாசகர்கள் எவற்றை மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள் என்று ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் போன்று மனத்தை உசுப்பும் உணர்ச்சிகள் பகிர்வைக் கூட்டின. சோர்வூட்டும் துயரம் அதைக் குறைத்தது. நடைமுறைப் பயன் உள்ளவையும் கூடுதலாகப் பகிரப்பட்டன. நாளிதழ்க் கட்டுரையும் எக்செல் பதிவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் கருவியின் மீது நமக்கிருக்கும் கோபம் சாதாரணமானதல்ல. மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020-ல் சில மனித மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1, செப்ட்1 என்று தட்டச்சு செய்தால் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதால் அவை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று ஆயின. மரபணு என்றால் என்னவென்றே அறியாத அலுவலக ஊழியர்கள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினார்கள். தாங்கள் அடித்த பகுதி எண்ணும் வகுப்புப் பிரிவும் தேதியாக மாறிய ஆத்திரம் அவர்களுக்குள் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது; விஞ்ஞானிகளே தோற்றுப்போனார்கள் என்பது பெரிய ஆறுதல். அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி 2023 அக்டோபரில் வந்தது. அதைப் பற்றிய பதிவுகளில் என் கண்ணில் பட்டவை எதுவும் முதல் செய்தியின் கால்தூசி அளவுக்குக் கூட ஓடவில்லை, தீர்வே அதில்தான் இருந்தபோதும்.

பரவுவது என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிட்டாலும் அதில் மூன்று செயல்கள் கலந்திருக்கின்றன. சேமித்துவைப்பது, இன்னொருவருக்கு அனுப்புவது, கீழே பின்னூட்டம் இடுவது ஆகிய மூன்றுக்கும் காரணங்கள் வேறு. ‘இருபது குறுக்குவிசைகள்’ வகைப் பட்டியல்கள் சேமிக்கப்படுகின்றன. சேமித்தவர் அதைத் திறந்து பார்ப்பது அரிது. நானே அப்படி நூற்றுக்கும் மேல் சேமித்துவைத்திருக்கிறேன், வேலைக்கு நடுவில் ஒன்றைக் கூடத் தேடிப்போனதில்லை. அனுப்பப்படுவது வேறு வகை: அனுப்புகிறவர் ஒரு சொல் கூடச் சேர்க்காமலே, பெறுகிறவருக்கு எதற்காக வந்திருக்கிறது என்று விளங்க வேண்டும். என் படத்தை அனுப்பியவர்களில் பலர் பக்கத்து நாற்காலிக்காரருக்கே அனுப்பியிருந்தார்கள். அதோடு, படித்தவர் அந்த நிமிடமே தம் கோப்பைத் திறந்து லென் போட்டுச் சோதித்துவிட முடிந்தது. பன்னிரண்டு கோப்புகளை இணைத்துச் சோதிக்க யாருக்கும் அந்த நிமிடத்தில் பொழுதில்லை.

பின்னூட்டங்கள்தாம் எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தன. முதலில் வந்தவர் டிரிம் போட்டால் போதுமே, இது தெரியாதா என்றார். டிரிம் ஏன் போதாது என்று நான் ஐந்தாம் வரியிலேயே சொல்லியிருந்தேன். அவரைத் திருத்த நாற்பது பேர் வந்தார்கள். வீலுக்கப் பழசு, 2019-ல் அறிவிக்கப்பட்ட அதன் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் இருக்கும்போது யார் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தரப்பு கிளம்பியது. எந்த லுக்கப் ஆனாலும் மறைந்திருக்கும் எழுத்தின் முன் தோற்கத்தான் செய்யும் என்று மறுதரப்பு எழுதியது. எக்செல்லையே கைவிட்டுப் பைதான் என்ற நிரல்மொழிக்கு மாறும்படி அறிவுரை கூறியவர்களும் உண்டு. அவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கோப்பு அனுப்புகிறவர்கள் அனைவரும் மாறிய மறுநாள் நானும் மாறுகிறேன். பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957-ல் நகைச்சுவையாக எழுதிய உதாரணம் ஒன்று இதற்கு மிகவும் பொருந்தும். அணு உலைக்கான செலவை நிமிடங்களில் ஏற்றுக்கொள்ளும் குழு, மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் விவாதிக்கும். ஏனென்றால் கொட்டகை எல்லோருக்கும் புரியும். என் பவர் குவெரிப் பதிவு அணு உலை, இடைவெளிப் பதிவு மிதிவண்டிக் கொட்டகை. ஒவ்வொரு பின்னூட்டமும் பதிவை இன்னும் சிலர் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதால், என்னை மட்டம் தட்ட வந்தவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

முதல் வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லிங்க்டின் போன்ற தளங்களில் நீளமான பதிவுகளில் முதல் சில வரிகள் மட்டுமே தெரியும், மீதியைச் சொடுக்கித்தான் திறக்க வேண்டும்; அந்த வரிகளில் கருவியின் பெயரைப் போட்டால் அது கையேடாகிறது, பட்ட அடியைப் போட்டால் கதையாகிறது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பதிவு ஓடிய மூன்றாம் நாள் ஒருவர் என் படத்தை அப்படியே எடுத்து, வண்ணச் சட்டம் போட்டு, கீழே தம் பெயரை எழுதி வெளியிட்டார். சூத்திரம் தேவைப்படுவோர் பின்னூட்டத்தில் ‘கோப்பு’ என்று எழுதினால் அனுப்புவதாகவும் அறிவித்தார். ஒரே வரிச் சூத்திரம் அது! அதைப் பெற ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ‘கோப்பு, கோப்பு’ என்று எழுதி நின்றார்கள். என் பதிவைவிட அவருடையது அதிகம் ஓடியது. இதையும் பரவல் என்றே தளம் கணக்கிடும். கதவைச் சாத்திவைத்து வாசலில் வரிசை நிற்கவைப்பதற்கும், படித்த மாத்திரத்தில் ஒருவர் மற்றவருக்கு அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு அந்த எண்ணிக்கையில் தெரியாது. நீங்கள் கண்டு மலைத்த பதிவுகளில் எத்தனை இந்த வகை என்று ஒருமுறை பாருங்கள். இதைப் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஓரளவுக்கு அது உண்மையும் கூட.

எண்ணிக்கையில் சேராத இன்னொன்றும் நடந்தது. பதிவு அடங்கிய பிறகு, ஒரு பெண்மணி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். பதினேழு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறாராம். எண்கள் பொருந்தாதபோதெல்லாம் ஒவ்வொரு செல்லிலும் இருமுறை சொடுக்கி, கடைசிக்குப் போய், பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டி, என்டர் அழுத்துவாராம். அப்படிச் செய்தால் ஏனோ சரியாகிவிடும் என்பது மட்டும் அவருக்குத் தெரியுமாம், காரணத்தை யாரிடமும் கேட்டதில்லையாம். அன்று காலை ஆறு வரியையும் படித்துவிட்டு இரண்டாயிரம் வரிசைகளை ஒரே சூத்திரத்தில் முடித்ததாக எழுதியிருந்தார். பதிவுக்கு விருப்பக்குறி இடாததற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். இட்டால் அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமாம்.