ஊஞ்சல் பலகையும் கொல்லைப் படலும்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறான்; சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உறுத்தினால் கழற்றி எறிகிறான்; ஆனால் கூடத்து ஊஞ்சலில் எவ்வளவு நேரம் ஆடினாலும் தலை சுற்றுவதில்லை. “பழக்கினால் சரியாகிவிடும்” என்கிறார் மாமியார். வீட்டை எப்படி மாற்றுவது?
- வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: ஒலி, தொடுகை, வெளிச்சம் முதலியவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றென, 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் மருத்துவக் கையேடு சேர்த்துக்கொண்டது என்பதை மாமியாருக்கு முதலில் எடுத்துச் சொல்லுங்கள், இது பிடிவாதமும் அன்று, செல்லம் கொடுத்ததன் விளைவும் அன்று. மிகையாக உணர்வது, குறைவாக உணர்வது இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம். உங்கள் மகனின் காது மிகையாக வாங்குகிறது. உள்காதைச் சார்ந்த சமநிலை உணர்வோ போதாமல் ஊஞ்சலைத் தேடுகிறது. காதருகே மிக்ஸியை ஓட்டிப் பழக்குவது அச்சத்தைத்தான் பெருக்கும், தயவுசெய்து வேண்டாம்.

எதற்கு மிரண்டான், எதைத் தேடிப் போனான் என்று ஒரு வாரம் நேரத்தோடு குறித்து வையுங்கள். குக்கர் விசில், மிக்ஸி, தொலைக்காட்சி, மோட்டார் எல்லாம் ஒன்றுசேரும் காலை அரைமணி நேரமே பெரும்பாலும் சிக்கலாக இருக்கும். அவன் விழிக்கும் முன்பே சட்னியை அரைத்துவிடலாம். முடியாத நாளில், “இப்போது அரைக்கப் போகிறேன்” என்று சொல்லி, விருப்பமிருந்தால் அவனையே சுவிட்சைப் போட விடுங்கள். எதிர்பார்த்து வரும் ஓசை திடீரென்று வரும் ஓசையைப் போல் அச்சுறுத்துவதில்லை. தவில் முழங்கும் திருவிழாவுக்குக் காதுமூடி உதவும். நாள் முழுவதும் மாட்டிவைக்க வேண்டாம். காதைப் பொத்துகிறான் என்பதற்காகச் செவித்திறன் சோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

லேபிளை வெட்டினால் அடித்தையலில் நிற்கும் முனை இன்னும் மோசமாகக் குத்தும், தையலையே பிரித்தெடுங்கள். பழைய சோக் குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை துடிப்பது நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சில பிள்ளைகளுக்கு உறுத்தும் என்பதால், அதையும் மாற்றிப் பாருங்கள்.

நகரத்துப் பெற்றோர் சிகிச்சை மையங்களில் பணம் கட்டித் தேடும் ஊஞ்சல் உங்கள் கூடத்திலேயே தொங்குகிறது. முன்னும் பின்னுமாக மெல்ல ஆடுவது அமைதிப்படுத்தும். முறுக்கிவிட்டுச் சுழற்றுவது கிளர்ச்சியூட்டும். பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஆடவிட்டு, பிறகு சிறு குடத்தில் பாதித் தண்ணீர் தூக்கிவரச் சொன்னால், தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அந்தப் பளு பல பிள்ளைகளை நிலைப்படுத்துகிறது. கொக்கியையும் சங்கிலியையும் அவ்வப்போது சோதியுங்கள். அமைதிப்படுத்தும் என்று எடை சேர்த்துத் தைத்து விற்கும் கனமான போர்வையை மட்டும், ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளரை) கேட்காமல் வாங்க வேண்டாம். அத்தகைய சிகிச்சையாளரைப் பற்றி அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் மிக அவசரமானதாகக் கருதுகிறேன். “கொல்லைக்கு ஓடுகிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பகுதியில் கொல்லைக்கு அப்பால் பெரும்பாலும் வாய்க்காலோ குளமோ இருக்கும். ஆட்டிசமுள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீரின் மீது ஈர்ப்பு அதிகம், ஆபத்தின் உணர்வு குறைவு. மே மாதம் காய்ந்த வாய்க்காலில் மணல் அளைந்து விளையாடிய பிள்ளைக்கு, வழக்கமாக ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துசேரும்போது, இடம் மாறிவிட்டது என்பது புரியாமல் போகலாம். ஆகவே ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் முன்பாகக் கொல்லைப் படலைச் சரிசெய்யுங்கள். தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். படல் அசைந்தால் அடுப்படிக்குக் கேட்கும்படி ஒரு மாட்டுமணியைக் கட்டுங்கள். வயலில் வேலை செய்பவர்களிடமும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பாமல் போகலாம், தனியாகக் கண்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இன்றே சொல்லி வையுங்கள்.