பொன் கட்டிய சங்கு வளையலைப் புளியில் ஊறவைக்கலாமா?

தங்கத்தோடு சங்கும் சிப்பியும் சேர்ந்த நகைகளைப் பற்றிய கேள்விகளுக்கு நகைப் பட்டறைக்காரர் ஒருவரின் பதில்கள்.

அண்ணா, நான் வங்காளக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். மாமியார் தந்த பொன் கட்டிய சங்கு வளையல் மங்கிவிட்டது. புளித்தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார் அம்மா. செய்யலாமா?

வேண்டவே வேண்டாம், தங்கச்சி. அம்மா சொல்வது செப்புக் குடத்துக்குச் சரி. சங்கு முழுக்கக் கால்சியம் கார்பனேட்; புளிப்பு எதுவானாலும் அதை அரித்துவிடும். உடைந்த சிப்பித் துண்டு கிடைத்தால் அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக நுரை கிளம்பும். துடைத்துவிட்டு விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரக்கும். போன வழவழப்பு திரும்பாது. தங்கம் புளிக்கு அசையாதுதான், ஆனால் இரண்டும் சேர்ந்த நகையில் சங்குக்கு ஆகாததைச் செய்யவே கூடாது.

மென்மையான சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தங்கப் பட்டையின் ஓரத்தில் குங்குமமும் மாவும் அடைந்திருக்கும். அங்கே குழந்தைகளின் பல் பிரஷ் போதும். பிறகு வெறும் ஈரத்துணி, உலர்ந்த துணி, நிழலில் ஓர் இரவு. உங்கள் வளையலின் சங்கு நம் கடலிலிருந்தே வந்திருக்கலாம். தூத்துக்குடிப் பக்கம் முக்குளித்து எடுக்கும் சங்கு வெகுகாலமாக வங்காளத்து வளையல்காரர்களுக்குப் போகிறது.

பூந்திக்கொட்டைத் தண்ணீர்?

வெறும் தங்கச் சங்கிலிக்கு அருமை. சிப்பி பதித்ததற்கு வேண்டாம், அதிலும் லேசான புளிப்பு உண்டு. பற்பசையைப் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள்: எந்த நகைக்கும் கூடாது, தேய்த்துக் கீறிவிடும்.

பாட்டியின் சோழி மாலையைத் தேக்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தோம். மேலே வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. பூஞ்சையா, ஐயா?

பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது. மரம் வெகுகாலம் மெல்ல மெல்ல அமில ஆவியை விடும். மூடிய பெட்டியில் அந்த ஆவியும் காற்றின் ஈரமும் சேர்ந்து சோழியின் மேற்பரப்பைத் தின்று உப்பாக்கிவிடும். நீங்கள் பார்க்கும் தூள் அந்த உப்புதான். அருங்காட்சியகங்களில் மர அலமாரியில் அடுக்கிய கிளிஞ்சல்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அட்டைப் பெட்டியும் உதவாது.

சோழிகளை நூலிலிருந்து கழற்றி, வெறும் தண்ணீரில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். புது நூலில் கோத்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, எஃகு டப்பாவில் வையுங்கள். பத்திரம் என்று பூட்டி வைத்த நகைதான் அதிகம் கெடுகிறது. அவ்வப்போது எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிப்பிப் பதக்கத்துக்கு 18 காரட்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். ஏமாற்றுகிறாரா?

இல்லை, தம்பி. 22 காரட் என்பது 91.6 சதவீதத் தங்கம், மெத்தென்று இருக்கும். 18 காரட்டில் 75 சதவீதம்தான், மீதி செம்பும் வெள்ளியும் போன்றவை. அதனால் கெட்டி, சிப்பியை இறுக்கிப் பிடிக்கும். விலையும் 18 காரட்டுக்கே போடுகிறாரா என்று பாருங்கள். சிப்பியின் எடையைக் கழித்த பிறகே தங்கத்துக்குக் காசு. ஹால்மார்க் முத்திரையில் 750 என்ற எண்ணும், எச்.யு.ஐ.டி. என்று அந்த ஒரு நகைக்கே தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடும் இருக்க வேண்டும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியீட்டைச் சரிபார்க்கலாம். 2 கிராமுக்கு உட்பட்ட நகைக்கு முத்திரை கட்டாயமில்லை.

பதக்கத்தின் வளையம் விட்டுப்போனது. பற்றவைக்கலாமா?

சிப்பியைக் கழற்றிவிட்டுத்தான். பொடி வைத்து ஊதும் சூட்டில் சிப்பி வெளுத்து விரிசல் விடும், உள்ளே அரக்கு இருந்தால் அதுவும் உருகி ஓடும். கழற்றாமலே முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

வாசலில் வந்து நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்பவர்களிடம் கொடுக்கலாமா?

கதவைச் சாத்துங்கள். தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தில் முக்கி எடுத்தால் நகை பளபளக்கும். கரைந்த தங்கம் அவர்கள் கிண்ணத்தில் தங்கிவிடும்.

நீச்சல் குளத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாமா?

கூடாது. குளோரின் தங்கத்தில் கலந்த செம்பையும் வெள்ளியையும் தாக்கும். மெல்லிய கொக்கிதான் முதலில் முறியும். வாசனைத் திரவியம் பூசுவதானால் முதலில் பூசி, அது உலர்ந்த பிறகு நகையைப் போடுங்கள்.