பூட்டன் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர் முக்கியம்

கேள்வி: என் பாட்டிக்கு நாலு வயதாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்களாம். அவர் திரும்பவே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார் என்பதோடு சரி. ஒரு படம்கூட இல்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, பாட்டி இருக்கும்போதே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். இந்த வாரமே அவரிடம் உட்காருங்கள். அவருடைய அப்பாவின் பெயரைத் துருவுவதைவிட, எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன் (பிரிவு), ஆள் திரட்டி வந்த கங்காணி யார், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

காரணம் இருக்கிறது. முனியாண்டியும் ராமசாமியும் இல்லாத தோட்டம் கிடையாது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி காதில் விழுந்தபடி ஒரு மாதிரி எழுதினார், பதிவு அலுவலகத்தில் வேறு மாதிரி எழுதினார்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கைக்குள் போய் நிற்பீர்கள். கங்காணியோ, பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையுமே திரட்டிக் கொண்டுவந்தார். அதனால் அதே கங்காணியிடம் இருந்த வேறொரு குடும்பத்துக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தால், உங்கள் பூட்டனின் ஊரும் அதுவாகவோ பக்கத்து ஊராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். கூலிவேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. கங்காணி மூலம் வந்தவர் என்றால் அதற்கு முன்பே வந்திருப்பார்.

அப்புறம் காகிதங்கள். பூட்டன் ஐசி (அடையாள அட்டை) எடுக்கும் காலம்வரை இருக்கவில்லை. ஆனால் பூட்டி இருந்திருக்கலாமே! 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அதையொட்டி 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் படம் எடுத்து, கைநாட்டு வாங்கி, அடையாள அட்டை கொடுத்தார்கள். பூட்டியின் பழைய ஐசி, இறப்புச் சான்றிதழ், பாட்டியின் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), பாட்டியின் அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுடையதும் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் முகவரியையும், தகப்பன் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தொலைந்த பிறப்பு, இறப்புப் பத்திரங்களுக்குத் தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பித்துப் பாருங்கள்.

வீட்டு டிரங்குப் பெட்டியையும் விடாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் துண்டு, ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறை, இவற்றில் ஏதாவது ஒன்றில் தாலுகா பெயரோ தபாலாபீஸ் பெயரோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போகலாம். காலனியக் காலக் கோப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அங்கேயும் தோட்டத்தின் பெயரை வைத்தே தேடுங்கள். நம் சனங்கள் ஒரு பெயரில் கூப்பிட்ட தோட்டத்துக்குக் கம்பெனிப் பெயர் வேறாக இருந்திருக்கும், இரண்டும் வேண்டும். பூட்டன் பெயர் அந்தக் கோப்புகளில் இல்லாமல் போகலாம். ஆனால் அவர் வாழ்ந்த தோட்டத்தின் கூலி, லயம், ஆஸ்பத்திரி பற்றி ஏதாவது கிடைத்தால் அதுவும் அவருடைய வரலாறுதான்.

சயாமைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அந்த ரயில் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த நம் தோட்டத்து மக்களுக்கு அப்படி வரிசை இல்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. பூட்டன் எந்த முகாமில் இறந்தார் என்பது தெரியாமலே போகலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதே தோட்டத்திலிருந்து போய்த் திரும்பியவர்களின் பிள்ளைகளைத் தேடுங்கள். "உங்க அப்பாகூட யார் யாரு போனாங்கன்னு சொல்லியிருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள். தேதியோடு எழுதிவைத்தால் அதுவும் ஓர் ஆவணம்.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டத்தோடு ஒத்துப் பாருங்கள். அன்று சேலம் ஜில்லா என்று எழுதிய ஊர் 1997க்குப் பிறகு நாமக்கல்லில் இருக்கலாம், திருச்சி என்றது 1995க்குப் பிறகு கரூரில் இருக்கலாம். நிலம் இல்லாதவர்கள் பெயரைப் பட்டாவில் தேடிப் பயன் இல்லை. குலதெய்வம் எது என்று பாட்டிக்குத் தெரிந்தால், அந்தக் கோயில் பங்காளிகளிடம் விசாரியுங்கள். "மலாயாவுக்குப் போனவர் வகையறா" என்று சொல்லிக் கேளுங்கள். தாலுகா உறுதியாகும்வரை விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.