நீலகிரி நூலகம்: கூர்வளைவும் சந்தாவும்

மதிப்பிற்குரிய ஐயா,

உதகையின் நீலகிரி நூலகத்தைச் சாலையிலிருந்து பார்க்கும்போதெல்லாம் ஏதோ தேவாலயம் என்றே தோன்றுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிசோல்ம்தான் இதையும் வடிவமைத்தார் என்கிறார்கள். அப்படியானால் அங்குள்ள இந்தியச் சாயல் இங்கே ஏன் இல்லை? உறுப்பினர்களுக்கு மட்டுமான இடத்தைப் பொது நூலகம் என்பது சரியா?

வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

நூலகம் தொடங்கப்பட்டது 1859-இல். இன்றைய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1867-இல். ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோல்முக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. செனட் ஹவுஸ் 1874-க்கும் 1879-க்கும் இடையில் எழுந்தது. 1880-இல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தில் கேரளத்துக் கூரைகளையே அவர் எடுத்தாண்டார். உள்ளூர்க் கட்டடங்களிலிருந்து கற்கும் மனம் அவரிடம் முதிர்வதற்கு முன் வந்தது உதகைக் கட்டடம். ஆனால் வயது மட்டும் காரணமல்ல. கோடைதோறும் மலையேறிய ஆங்கிலேயர் இங்கே தம் ஊரையே காண விரும்பினார்கள். இம்மலையின் மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்து உருவான தோடர்களின் அரைவட்டக் கூரை அருகிலேயே இருந்தும், அது யார் கருத்திலும் பதியாமல் போனதை நான் இழப்பாகவே எண்ணுகிறேன்.

தேவாலயம் போலத் தோன்றுவது, ஐரோப்பியத் தேவாலயங்களில் பழகிய கோதிக் பாணியின் கூர்வளைவினால், அதாவது உச்சி கூராக முடியும் வளைவினால். அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவு சுவரைப் பக்கவாட்டில் தள்ளுவது குறைவு, பாரத்தைக் கீழே இறக்குவது அதிகம். அதனால் அகலத்தைக் கூட்டாமலே சாளரத்தை உயர்த்திக்கொண்டு போகலாம். படிப்பறையின் பெரிய சாளரத்தின் முன் நின்றால் இதன் பயன் விளங்கும். மின்விளக்கு வராத காலத்தில், மூடுபனி நாள் முழுதும் கலையாத ஊரில், மேசையில் விரித்த பக்கத்துக்கு வெளிச்சம் வானத்திலிருந்து மட்டுமே வர முடியும். வழிபாட்டுக்குப் பழகிய வடிவம் இங்கே வாசிப்புக்கு உதவியிருக்கிறது, அழகாகவும் உதவியிருக்கிறது.

இரண்டாவது கேள்வியில் உங்கள் ஐயமே சரி. இது உறுப்பினர்கள் சந்தா கட்டிப் பயன்படுத்தும் நூலகம், பொது நூலகம் அல்ல. பொது நூலகம் என்றால், சென்னையில் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது. ஆனால் ஊர்தோறும் நூலகம் என்பதற்குச் சட்ட வலு கிடைத்தது, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால்தான். உதகையில் வீட்டுவரி கட்டுபவர் அத்துடன் நூலக வரியும் கட்டுகிறார். அவருக்குரியது மாவட்ட மைய நூலகம். அரசு நூலகத்துக்குப் புதிய கட்டடம் எழுப்பும்போது பொறியாளர்கள் இந்தப் படிப்பறைக்கு வந்து, வெளிச்சம் விழும் விதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரைபடம் போட வேண்டும் என்பது என் விருப்பம்.